உறுமல் யாருடையது?

செத்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, உயிருள்ளது போல நிறுத்தி வைப்பதைத் தமிழில் 'பாடம் செய்தல்' என்கிறோம். பாடம் என்றால் பிரதி என்றும் பொருள் உண்டு. மைசூர் வான் இங்கன் புலிகளை அப்படி ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

1900 வாக்கில் யூஜீன் வான் இங்கன் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு மகன்கள் நடத்தினார்கள். மகாராஜாக்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் எல்லாரும் தோலையும் மண்டையோட்டையும் அங்கே அனுப்பினார்கள். அச்சில் வார்த்த காகிதக்கூழ் உடல்மேல் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, வீட்டில் மாட்டுவதற்குத் தயாராகத் திருப்பி அனுப்புவார்கள். 1972இல் இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு தொழில் படுத்தது, 1999இல் மூடினார்கள். பாட் மோரிஸ் 2006இல் எழுதிய ஆங்கில நூல், தலைப்பிலேயே இவர்களைக் கலைஞர்கள் என்கிறது.

கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அச்சு வார்ப்பு பற்றிக் கொஞ்சம் படித்த பொறியாளனாக அதை ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் வாயில் இருக்கு. படங்களில் காணும் புலித் தலைகளில் பெரும்பாலானவை பல்லைக் காட்டி உறுமுகின்றன. பரண்மேல் உட்கார்ந்து சுட்டவனைப் புலி பல நேரம் பார்த்தே இருக்காது; அது கட்டிவைத்த எருமைக்கன்றைத் தேடி வந்தது. அப்போ அந்த உறுமல் யாருடையது? 'மேலே பாய வந்துச்சு' என்று விருந்தாளிகளிடம் சொல்ல ஆசைப்பட்ட வாடிக்கையாளருடையது.

கேட்டவனுக்குச் செய்துகொடுப்பது குற்றமா என்று நீங்க கேட்கலாம். கோயில் சிற்பியும் அப்படித்தானே? ஆனால் சிற்பி கல்லைச் சாட்சிக்கு இழுப்பதில்லை. இங்கே செத்ததன் தோலே பொய்சாட்சி சொல்ல நிற்கிறது.

திப்பு சுல்தானின் மரப்புலியோடு ஒப்பிட்டுப் பாருங்க. வெள்ளைக்காரன்மேல் ஏறிக் கடிக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவன் ஓலமிடுவான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அள்ளிக்கொண்டு போனதால் அதுவும் வேட்டைப்பொருள்தான். இப்போது லண்டனில் இருக்கிறது. அதில் ஓர் அங்குலம்கூட நிஜத் தோல் இல்லை. ஆனாலும் யாருக்கு யார்மேல் கோபம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. வான் இங்கன் புலியில் தோல் நிஜம், கதை பொய்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உட்கார்ந்து எழுதுகிற நமக்கு இது எதுக்கு? நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள். காற்பந்து அணியின் பெயரே ஹரிமாவ் மலாயா. தீபகற்பக் காடுகளில் மிச்சம் இருப்பதோ 150க்கும் குறைவு. நம் தோட்டக் கதைகளிலும் புலி வந்தால் உச்சக்கட்டத்தில் உறுமியே ஆகணும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களின் பயம் உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி, ஈர மண்ணில் பதிந்த ஒரு காலடித் தடத்தால் வந்தது. புலியைக் கண்ணால் பார்க்காமலே வந்தது. பாயாமல், நம்மைக் கவனிக்கக்கூட இல்லாமல் கடந்துபோன அந்தப் புலியை யாராவது எழுதணும். அதன் வாய் மூடியே இருக்கட்டும்.