கோப்பையில் கரையுமா கவலை?

வங்க எழுத்தாளர் சரத்சந்திரர் எழுதி, 1917-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த கதை ‘தேவதாஸ்’. 1953-இல் நாகேசுவரராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் படமாக வந்தபின், தாடி வளர்த்துத் தனித்திருப்பவனையெல்லாம் அப்பெயரால் அழைக்கலாயினர் நம் மக்கள். காதலில் தோற்றவன் குடிப்பான். குடிக்காதவன் காதலில் ஆழமில்லை! இதுவே நாடு கற்ற பாடம். கதை கூறுவது அதுதானா? நூலைப் படித்த நாம், அன்று என்கிறோம்.

நள்ளிரவில் தேவதாசின் அறைக்கு வந்து நின்றாள் பார்வதி. ஊர் தூற்றும் என்பதை அறிந்தே வந்தாள். அவனோ? பெண்ணுக்குப் பணம் வாங்கும் குடும்பம், அடுத்த வீட்டுச் சம்பந்தம் எனப் பெற்றோர் மறுத்ததும் கல்கத்தாவுக்குச் சென்றான். கைவிட்டுக் கடிதமும் எழுதினான். மனம் மாறித் திரும்பியபோது அவள் மறுக்கவே, தூண்டிற்கோலால் நெற்றியில் அடித்தான்! முதற் குற்றவாளி விதியன்று, குலப்பெருமை. அடுத்த குற்றவாளி, அதை எதிர்த்து நிற்கத் துணியாத கோழைமை. மது மூன்றாவதாக வந்தது. முன்னிரண்டையும் மறைக்கும் திரையாக வந்தது.

பார்வதிக்குத் துயரம் இல்லையா? வளர்ந்த பிள்ளைகளையுடைய ஜமீன்தாருக்கு இரண்டாந்தாரமாகி, அவ்வீட்டை நடத்தினாள். குடித்தழியும் உரிமை ஆணுக்கு; விழுங்கி வாழும் கடமை பெண்ணுக்கு! இரண்டும் நீதியல்ல. எனினும் அவன் வீழ்ச்சியைக் காவியமாக்கிய உலகம், அவள் உறுதியைக் கண்டுகொள்ளவேயில்லை.

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். முதலில் துயரம் மங்குவதுபோல் தோன்றும். போதை தெளிந்ததும் அதே துயரம் அச்சத்தையும் உறக்கமின்மையையும் உடனழைத்துத் திரும்பும். நாளடைவில் பழைய அளவு போதாது; உடல் மேலும் கேட்கும். கோப்பையில் கவலை கரைவதில்லை, கெடுவது கல்லீரல்தான்!

சரத்சந்திரர் இதை அறியாதவரல்லர். பார்வதியின் வீட்டு வாயிலில் ஆதரவற்றுச் சாகிறான் அவர் படைத்த தேவதாஸ். அத்தகையோருக்காக இரங்குமாறே இறுதியில் வேண்டுகிறார்; அவர்களைப் பின்பற்றுமாறு அன்று. ஆனால் இரக்கத்துக்குரிய அவலத்தை எடுத்து, ஒளியும் இசையும் கூட்டி, ஆசைக்குரிய அழகாக்கியது வெள்ளித்திரை. நம் குறை அதுவே.

நம்மிடமும் குறையுண்டு. கல்லூரியில் நம்முடன் பயின்ற தோழர் ஒருவர், சாதி குறுக்கிட்டதால் காதலியை இழந்து குடிக்கத் தொடங்கினார். ‘வாரும் தேவதாஸ்!’ என்று கூவிச் சிரித்தோம். அருகமர்ந்து, ‘என்ன துன்பம்?’ என்று கேட்டவர் நம்மில் ஒருவருமில்லை. சாதியொழிப்பு பற்றி மேடையில் முழங்கியவர்களும் அக்கூட்டத்தில் இருந்தோம். படிப்பை நிறுத்திவிட்டு அவர் ஊர் திரும்பிய நாளில்தான் நம் சிரிப்பு நின்றது.

இளைஞர்களே! சாதி மறுத்து மணப்போருக்குத் துணை நில்லுங்கள். துயரால் குடிப்பவனைக் கண்டால் பட்டப்பெயர் சூட்டாதீர்கள். அவனுடன் அமர்ந்து பேசுங்கள். மருத்துவரிடம் செல்லத் துணிவில்லையெனில் உடன் செல்லுங்கள். அன்று நாம் செய்யத் தவறியது அது.