கரும்பைனின் இரண்டாம் துளிர்

ஜப்பானில் கரும்பைன் மரத்தைத் தொட்டியில் குறுக்கி, அதாவது போன்சாயாக, வளர்ப்போர் வசந்தத்தில் மெழுகுவத்தி போல் நிமிர்ந்தெழும் இளந்துளிர்களைக் கோடைத் தொடக்கத்தில் அடியோடு நறுக்கிவிடுவர். ‘மெகிரி’ எனப்படும் இம்முறை பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றினும், வெட்டிய இடத்தில் புதிதாக அரும்பும் மொட்டுகள் எஞ்சிய குறுகிய வளர்பருவத்துக்குள் குட்டையான ஊசியிலைகளையே விடுவதால், சிறிய மரத்துக்கு முதுமரத்தின் அளவொழுங்கு வாய்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாமல், மெலிந்த கீழ்க்கிளைத் துளிர்களை முதலிலும் வலுத்த உச்சித் துளிர்களைச் சில நாள் கழித்தும் நறுக்கி, மரத்தின் வீரியத்தைச் சமன்செய்வதில்தான் கைத்தேர்ச்சி தெரியும். கத்தரிக்கோலின் கூர்மை அதற்குப் பிற்பட்டதே. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே துளிர்க்கும் ஐந்தூசி வெண்பைனுக்கும், நோயுற்ற மரங்களுக்கும், அண்மையில் தொட்டி மாற்றியவற்றுக்கும் இது ஆகாது. இலையுதிர்காலம் முற்றியபின் பழைய ஊசிகளைக் கையால் பறித்து, உட்கிளைகளுக்கு வெயில் புக வழிவிடுவர்.