முதல் குண்டின் கனம்

பெரெட்டா 92எஃப்எஸ் கைத்துப்பாக்கியைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதல் குண்டு குறிக்குக் கீழேதான் போய் விழும். வலக்கைக்காரர் என்றால் கொஞ்சம் இடப்பக்கமும் தள்ளிப் போகும். இரண்டாவது குண்டு நடுவில் விழும். டெக்சாஸில் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் சுடுதளத்தில் எனக்கும் அப்படித்தான் விழுந்தது. பத்து மேகசின் சுட்டும் அதே கதை.

காரணம் ட்ரிகரில் இருக்கிறது. ஹேமர் படுத்திருக்கும்போது விரலின் ஒரே இழுப்பு ஹேமரைப் பின்னுக்குத் தூக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். என்னுடையதைத் தராசில் மாட்டிப் பார்த்தபோது ஐந்தரைக் கிலோ காட்டியது. சுட்டதும் ஸ்லைடு பின்வாங்கி ஹேமரைத் தானே நிமிர்த்தி வைத்துவிடுவதால், அடுத்த குண்டுக்கு இரண்டரைக் கிலோகூட வேண்டியதில்லை. ஒரே துப்பாக்கிக்குள் இரண்டு ட்ரிகர்கள். இதை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த முதல் இழுப்போடு பழகப் பொறுமை இல்லையென்றால் வேண்டாம்.

நான் வாங்கியது போலீஸ்காரர் இடுப்பில் இருந்து கைமாறி வந்த ஒன்று, 450 டாலர். அமெரிக்காவில் போலீஸ் துறைகள் புது மாடலுக்கு மாறும்போது பழையவை மொத்தமாகக் கடைகளுக்கு வரும். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1980களிலேயே பெரெட்டாவுக்கு மாறிய துறை. அப்படிப் பல துறைகள். இந்தத் துப்பாக்கிகளில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் வெளித்தோல்தான். வருடக்கணக்காக உறையில் உரசி ஸ்லைடின் முனை வெளுத்திருக்கும், ஆனால் சுட்டது கொஞ்சமாக இருக்கும். கடையில் மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் கையில் கொடுத்தார்கள். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் கடைக்குள்ளேயே நுழைந்தேன்.

வெளுத்த ஸ்லைடைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பார்க்க வேண்டிய இடம் வேறு. வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, இடப்பக்க நெம்பைக் கீழே திருப்பினால் ஸ்லைடும் குழலும் முன்பக்கமாகக் கழன்று வரும். இவ்வளவு எளிதாகப் பிரியும் துப்பாக்கி குறைவு. குழலுக்கு அடியில் ஒரு சிறு எஃகுத் துண்டு தொங்கும். அதுதான் லாக்கிங் பிளாக். அதன் இருபுறக் காதுகள் வெடிக்கும் நொடியில் ஸ்லைடையும் குழலையும் ஒன்றாகப் பூட்டி வைக்கின்றன; அழுத்தம் அடங்கியதும் துண்டு கீழே இறங்கி ஸ்லைடை விடுகிறது. ஜெர்மனியின் வால்தர் பி38 வழியாக வந்த ஏற்பாடு இது. பல துப்பாக்கிகளில் குழல் சாய்ந்து இறங்கும். இதில் நேராகப் பின்வாங்கி நேராகத் திரும்பும். மேலே ஸ்லைடு திறந்தே இருப்பதால் சுட்ட கூடு சிக்க இடமே குறைவு. கையில் இது ஒரு தனிச் சுகம். தள்ளுகிறது, உதைப்பதில்லை.

ஆனால் அந்தக் காதுகளின் மூலையில்தான் விரிசல் விழும். டார்ச் அடித்துப் பார்த்தபோது என்னுடையதில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். கீறல்தான் என்றார். வாதாடவில்லை. மூலைகளை வளைவாக்கிப் பலப்படுத்திய புதிய வகை பிளாக் ஒன்றை வாங்கி, சுடும் முன்பே மாற்றினேன். இது உடைகிற பாகம் என்று குறை சொல்வதில் நியாயமில்லை, தேய்கிற பாகம். பைக்குக்கு பிரேக் ஷூ மாதிரி.

இந்தத் துப்பாக்கியின் வரலாறே ஒருமுறை உடைந்து திருந்திய வரலாறு. இத்தாலியின் கார்தோனே வால் ட்ரோம்பியாவில் 1526 முதல் குழல் செய்கிற குடும்பம் பெரெட்டா. 92 வரிசை வந்தது 1975இல். பத்து வருடம் கழித்து அமெரிக்க ராணுவம் பழைய .45 கோல்ட்டை ஒதுக்கி, 92எஃப்பை எம்9 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. 1988இல் வந்த 'டை ஹார்ட்' படத்தில் புரூஸ் வில்லிஸ் கையில் இருப்பதும் அதுதான். அதே காலத்தில் ராணுவத்தில் சில ஸ்லைடுகள் நடுவில் முறிந்து, பின்பாதி பறந்து சுட்டவர்களின் முகத்தில் அடித்தது. பிழை உலோகத்திலா, தோட்டாவின் அழுத்தத்திலா என்று நெடுநாள் சண்டை நடந்தது. பெரெட்டா செய்த மாற்றம் எளிமையானது. ஹேமர் ஊசியின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடில் அதற்கு ஒரு பள்ளம் வெட்டியது. இனி ஸ்லைடு முறிந்தாலும் பின்னால் பறந்து வராது. அப்படித் திருத்திய வடிவம்தான் 92எஃப்எஸ். உடையவே உடையாது என்று சத்தியம் செய்வதைவிட, உடைந்தால் ஆளைக் காக்கும்படி செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2017இல் ராணுவம் சிக் சாவரின் எம்17ஐத் தேர்ந்தெடுக்கும் வரை எம்9தான் இடுப்பில் இருந்தது.

அடுத்து, என்னென்ன மாற்றினேன். கடைகளில் ஆசை காட்டும் பொருட்கள் ஏராளம். எனக்குப் பலன் தந்தவை இரண்டே. முதலாவது ஹேமர் ஸ்பிரிங். 92டி என்று, எப்போதும் நீண்ட இழுப்பிலேயே சுடும் ஒரு மாடல் உண்டு. அதன் ஸ்பிரிங் கொஞ்சம் மென்மையானது. பெரெட்டாவின் சொந்தப் பாகம், விலையும் சொற்பம். போட்டதும் முதல் இழுப்பு ஐந்தரைக் கிலோவிலிருந்து நாலு கிலோ சொச்சத்துக்கு இறங்கியது. இரண்டாவது பிடித்தகடு. இதன் பிடி பருமன், என் கை சின்னது. மெல்லிய தகடு போட்ட பிறகுதான் விரல்நுனி ட்ரிகரில் ஒழுங்காகப் படிந்தது. திருகாணியைக் கழற்றும்போது உள்ளிருக்கும் புஷிங்கும் சேர்ந்து சுழலும், அவசரப்பட்டால் மரை போய்விடும்.

முன்குறியை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். 92எஃப்எஸ்ஸில் அது ஸ்லைடோடு ஒரே துண்டு, மில்லிங் செய்தால்தான் மாறும். சிவப்பு வண்ணப் பொட்டு ஒன்றை வைத்தேன், போதுமாக இருக்கிறது. பிந்தைய தயாரிப்புகளில் ஸ்லைடு ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பி பிளாஸ்டிக்கில் வருகிறது. முழு உலோகத் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கா என்று பலர் எஃகுக் கம்பிக்கு ஓடுகிறார்கள். என் கணக்கில் அது வெறும் மனத்திருப்தி. உடலே அலுமினியக் கலவைதான், பெரிய பாகங்களில் ஸ்லைடும் குழலும் மட்டுமே எஃகு. காலியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். குளோக் 17 இதைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. இடுப்பில் நாள் முழுக்கச் சுமப்பவருக்கு அந்த வித்தியாசம் மாலையில் தெரியும்.

பாதுகாப்பு நெம்பு ஸ்லைடின்மேல் இருக்கிறது. இது உண்மையான குறை. சிக்கலைச் சரிசெய்ய ஸ்லைடை மேலிருந்து பிடித்து இழுக்கும்போது கை பட்டு நெம்பு கீழே இறங்கிவிடும். பிறகு ட்ரிகர் செத்துக் கிடக்கும். எனக்கு இரண்டு முறை நேர்ந்தது. ஹேமரை இறக்கிவிட்டுத் தானே மேலே திரும்பும் 'ஜி' வகை நெம்பை ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டேன். சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும் வேலை. வீட்டில் முயல வேண்டாம்.

நம்பகத்தன்மைக்கு வருகிறேன். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, தோட்டா வகை, எண்ணிக்கை, தடங்கல். ஐந்நூறு தோட்டா தடங்கலின்றிப் போன பிறகுதான் வீட்டுக் காவலுக்கு என்று வைத்தேன். 1,140ஆவது தோட்டாவில் ட்ரிகர் முன்னால் திரும்பவில்லை, தொளதொளவென்று தொங்கியது. விரலால் முன்னே தள்ளினால் சுட்டது. ட்ரிகரைத் திருப்பி அனுப்பும் ஸ்பிரிங் முறிந்திருந்தது. 92 வரிசையில் தெரிந்த நோய்தான் அது. ஹேமர் ஸ்பிரிங், ஸ்லைடு ஸ்பிரிங், லாக்கிங் பிளாக் எல்லாவற்றையும் மாற்றிய நான், முந்தைய சொந்தக்காரர் எத்தனை முறை இழுத்தார் என்று தெரியாத அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அன்றிரவு துப்பாக்கி பெட்டகத்துக்குள் வெறுமனே இருந்தது, காவலுக்கு அல்ல. புது ஸ்பிரிங் போட்டு, மறுபடியும் இருநூறு சுட்ட பிறகே பழைய பொறுப்புக்கு வந்தது. மேகசினிலும் இதே கண்டிப்பு வேண்டும். ஈராக்கில் எம்9க்கு வந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு, சொரசொரப்பான பூச்சுள்ள ஒப்பந்த மேகசின்களில் மணல் பிடித்ததால் வந்தது. நான் பெரெட்டாவின் சொந்த 15 தோட்டா மேகசின்களையே வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டில் எட்டு வயது மகள். சுவரில் போல்ட் அடித்த பெட்டகம், எண்பூட்டு. துப்பாக்கி அதிலிருந்து வெளியே வருவது சுடுதளத்துக்கும் துடைப்பதற்கும் மட்டுமே. பெட்டகத்துக்குப் பணம் இல்லாதவர் துப்பாக்கிக்கும் பணம் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கலாமா? மறைத்துச் சுமக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பெரிது, இதைவிட நல்லவை உண்டு. வீட்டுக்கும் சுடுதளத்துக்கும், பிரித்துப் பார்த்துப் பராமரிக்க விருப்பம் உள்ளவருக்கும் தயங்காமல் சொல்வேன். விலையோடு ஸ்பிரிங்குகளுக்கும் லாக்கிங் பிளாக்குக்கும் இன்னொரு 150 டாலரை ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

சென்ற சனிக்கிழமை பதினைந்து கஜத்தில், ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமரை இறக்கிவிட்டு, முதல் இழுப்பிலேயே ஐம்பது சுட்டேன். நாற்பத்தொன்று உள்ளங்கை அகலத்துக்குள். மற்ற ஒன்பதும் இன்னும் கீழே, இடப்பக்கம்.