கட்டண வாயிலில் மறைந்த எண்கள்: பயனர் அனுபவ வடிவமைப்பு பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

திறனாய்வு இலக்கியப் பனுவல்களுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம் தமிழ்த் துறைகளில் இன்னும் நீடித்து வருகின்றது. ஆயினும் மக்கள் நாள்தோறும் தவறாது படிக்கும் பனுவல்களுள் ஒன்று பெருவிரைவு ரயில் நிலையத்தின் கட்டண வாயிலில் இருக்கின்றது. பயணி அட்டையை வைத்து வெளியேறும்போது சிறு திரையில் இரண்டு தொகைகள் தோன்றும். ஒன்று அப்பயணத்திற்குக் கழிக்கப்பட்ட கட்டணம். மற்றொன்று அட்டையில் எஞ்சியுள்ள தொகை. இவ்விரு தொகைகளும் தோன்றாத முறைக்கு அனைவரையும் மாற்ற முற்பட்ட திட்டமொன்று 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சிங்கப்பூரில் பெரும் விவாதத்தை எழுப்பியது. அவ்விவாதத்தைப் பயனர் அனுபவ வடிவமைப்பு என்னும் நோக்கிலும், தமிழ் மரபு நமக்கு அளித்துள்ள அளவுகோல் கொண்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நிகழ்வும் அதன் பின்னணியும்

சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டு ஈஸி-லிங்க் அட்டை அறிமுகமாகி, அதற்கு முன்பிருந்த காந்தப்பட்டை அட்டையின் இடத்தைப் பெற்றது. இம்முறையில் பணத்தின் கணக்கு அட்டையிலுள்ள சில்லிலேயே பதிந்திருக்கும். வாயிற்கருவி அதனைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, மீதியை மீண்டும் அட்டையிலேயே எழுதிவிடும். ஆகவே மீதியைக் காட்டுவது கருவிக்கு எளிது.

2019ஆம் ஆண்டு அறிமுகமான சிம்ப்ளிகோ முறையின் அடிப்படை வேறு. அதில் அட்டை என்பது ஓர் அடையாளம் மட்டுமே. கட்டணம் தொலைவிலுள்ள கணினியில் கணக்கிடப்பட்டுப் பயணியின் கணக்கிலோ வங்கி அட்டையிலோ பற்று வைக்கப்படும். வாயிற்கருவிக்கு மீதி தெரியாது. அதைக் கேட்டுப் பெறச் சில விநாடிகள் கூடுதலாகும். நெரிசல் வேளையில் அந்தச் சில விநாடிகள் நீண்ட வரிசையாகிவிடும் என்பதால் திரையில் தொகைகள் காட்டப்படவில்லை. அவற்றைக் கைத்தொலைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

2024 ஜனவரி 9ஆம் நாள் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிம்ப்ளிகோவுக்கு மாற்றப்படாத பெரியவர்களுக்கான ஈஸி-லிங்க் அட்டைகளையும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளையும் அவ்வாண்டு ஜூன் 1 முதல் பொதுப் போக்குவரத்தில் பயன்படுத்த இயலாது என்பதே அதன் சாரம். எதிர்ப்பு உடனே எழுந்தது. இரண்டு வாரத்திற்குள், ஜனவரி 22ஆம் நாள், போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் அம்முடிவு கைவிடப்படுவதாக அறிவித்தார். பழைய முறையைக் குறைந்தது 2030ஆம் ஆண்டு வரை நீட்டிக்க மேலும் 40 மில்லியன் வெள்ளி செலவிடப்படும் எனவும் தெரிவிக்கப்பட்டது.

குன்றக் கூறலும் இடமறிந்து கூறலும்

வடிவமைப்பியலில் டொனால்டு நார்மன் 1988இல் வெளியிட்ட நூல் முதன்மையானது. ஒரு செயலைச் செய்தவனுக்கு அதன் விளைவை உடனே உணர்த்த வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்துகளுள் ஒன்று. ஜேக்கப் நீல்சன் 1994இல் வகுத்த பத்து நெறிகளுள் முதலாவதும் இதுவே: அமைப்பின் நிலை பயனருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இக்கருத்து தமிழுக்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினையும் அழகுகள் பத்தினையும் வகுத்துள்ளார். சுருக்கம் அவருக்கு ஓர் அழகு. குன்றக் கூறல் ஒரு குற்றம். இரண்டும் சொற்குறைவுதான். ஆனால் முன்னதில் பொருள் முழுமையாக நிற்கும். பின்னதில் பொருளும் குறைந்துபோகும். பழைய வாயிலின் இரு தொகைகளும் சுருக்கத்திற்கு நல்ல சான்று. தொகை காட்டாத வாயில் குன்றக் கூறுகின்றது. வாயில் திறந்ததால் கட்டணம் ஏற்கப்பட்டது என்பது மட்டும் பயணிக்குத் தெரிகின்றது. எவ்வளவு என்பது தெரிவதில்லை.

செயலியில் பயண வரலாறு முழுவதும் உள்ளதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் தேவைப்படும் இடத்தில் குன்றக் கூறி, வேறோரிடத்தில் விரித்துக் கூறுவதால் குறை நீங்கிவிடாது. மேலும், வாயிலில் தோன்றிய எண்கள் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் எதற்கும் தனியுரிமை ஆகாதவை, எழுத்தறியாதவரும் அறிந்தவை. செயலியோ கைத்தொலைபேசியையும், கணக்கையும், மறைச்சொல்லையும், வாசிப்புத் திறனையும் கோருகின்றது. எல்லாருக்கும் பொதுவாயிருந்த ஒரு பனுவல் இவ்வாறு சிலருக்கு மட்டும் எளிதாகின்றது.

மறுதரப்பு வாதம்

புதிய முறையின் நன்மைகளை நாம் மறுக்க முடியாது. தொலைந்த அட்டையை முடக்கலாம். வரிசையில் நிற்காமல் இருந்த இடத்திலிருந்தே பணம் நிரப்பலாம். வங்கி அட்டையால் பயணம் செய்வோர் பலர் வாயிலில் தொகை தோன்றாததைப் பொருட்படுத்தாமல் ஏற்றுக்கொண்டவர்களே. பின்னால் நிற்பவரின் காத்திருப்பும் பயனர் அனுபவத்தின் ஒரு கூறுதான். ஒரே வேளையில் இரண்டு முறைகளைப் பேணுவதற்குப் பொதுப்பணம் செலவாகும் என்பதும் நியாயமான கவலையே.

எதிர்ப்பை முதியோரின் தடுமாற்றம் என்று சுருக்கிவிடுவதும் பொருந்தாது. ஜூன் 1 என்னும் கெடு பெரியவர்களுக்கான கட்டணம் செலுத்துவோரைக் குறித்தே விதிக்கப்பட்டது. முதியோரும் மாணவரும் பயன்படுத்தும் சலுகை அட்டைகள் அக்கெடுவிற்கு உட்படவில்லை. ஆகவே குறை கூறியவர்களுள் செயலியை நன்கு கையாளத் தெரிந்தவர்களும் இருந்தனர் எனக் கொள்வதே பொருந்தும். அவர்கள் இழக்க விரும்பாதது தம் பணத்தின் கணக்கைத் தாமே கண்ணால் பார்க்கும் உரிமை. வங்கி அட்டையைத் தேர்ந்தவர் அவ்வுரிமையை விரும்பி விட்டுக்கொடுத்தார்; ஜனவரி அறிவிப்போ மற்றவர்களிடமிருந்து அதனைக் கேளாமல் எடுத்துக்கொள்ள முற்பட்டது. குறை தொழில்நுட்பத்தில் இருந்ததைவிடத் தேர்வை நீக்கியதில்தான் மிகுதியாக இருந்தது என்பது நம் முடிபு.

இவ்விடத்தில் லண்டனின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 2003இல் ஆய்ஸ்டர் அட்டை வந்தது. வங்கி அட்டைகள் 2012இல் பேருந்துகளிலும் 2014இல் சுரங்க ரயிலிலும் ஏற்கப்பட்டன. ஆனால் புதியது வந்ததனால் பழையது உடனே விலக்கப்படவில்லை. இரண்டும் அருகருகே இயங்கின. மக்கள் தத்தம் விருப்பப்படி மாறினர்.

‘பயனர்’ என்னும் சொல்

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்கு இந்நிகழ்வு ஒரு சிந்தனையைத் தருகின்றது. ஆங்கிலச் சொல் பயன்படுத்துபவரை மட்டும் சுட்டுகின்றது. நாம் வழங்கும் ‘பயனர்’ என்பதோ ‘பயன்’ என்னும் பெயரடியாகப் பிறந்தது. பயனைப் பெறுபவர் என்னும் பொருளையும் தன்னுள் கொண்டது. ஒரு கருவியைப் பயன்படுத்தியும் பயன் பெறாதவரைப் பயனர் என்று அழைப்பது தமிழில் சொல்லளவிலேயே முரணாகிவிடும். ஓர் அமைப்பு தன் முன்னே வருபவரை வெறும் கணக்கு எண்ணாகக் கொள்ளாமல் பயன் பெற வந்த பயணியாகக் கொள்ள வேண்டும் என்பதை இச்சொல்லே நமக்கு நினைவூட்டுகின்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து இரண்டு கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, பொதுமக்கள் பயன்படுத்தும் கருவியொன்றிலிருந்து ஒரு தகவலை நீக்குவது ஒரு பனுவலைத் திருத்துவதற்கு ஒப்பானது; வாசகர்களைக் கேளாமல் அதனைச் செய்தலாகாது. இரண்டாவது, இத்தகைய பனுவல்களை மதிப்பிடும் கருவிகள் தமிழாசிரியர் கையில் ஏற்கெனவே உள்ளன. நன்னூலின் பத்துக் குற்றங்களை மனனம் செய்வித்துத் தேர்வோடு முடித்துவிடும் ஆசிரியர், அவற்றைக்கொண்டு ஒரு பேருந்து நிறுத்தத்தின் அறிவிப்பையோ பயணச்சீட்டு இயந்திரத்தின் திரையையோ ஆராயுமாறு மாணவர்களைப் பணிக்கலாம். எது சுருக்கம், எது குன்றக் கூறல் என்று பிரித்தறியப் பழகிய மாணவர் நாளை அத்தகைய திரையை வடிவமைக்கும் இடத்தில் அமரவும் கூடும்.