ஆபுத்திரன் மீட்ட பசு

மணிமேகலையின் 13-ஆம் காதை ஆபுத்திரன் வரலாற்றைக் கூறுவது. அதனை வேள்வி மறுப்பு என்றும் அமுதசுரபிக்கு முன்னுரை என்றும் சொல்லிக் கடந்து போவது வழக்கம். கதை நிகழும் முறையை ஊன்றிக் கற்பார்க்கு அதனினும் ஆழமான உண்மையொன்று புலப்படும்.

தாயால் கைவிடப்பட்ட குழந்தைக்கு ஏழு நாள் பாலூட்டியது ஒரு பசு. வளர்ந்த ஆபுத்திரன், வேள்விக்கென நின்று நடுங்கிய வேறொரு பசுவைக் கண்டு மனம் பொறாது, இரவில் அதனை மீட்டுச் செல்கிறான். பிடித்தவர்கள் அவனை அடிக்கிறார்கள். புல் மேய்ந்து உலகிற்குப் பால் தரும் உயிரோடு என்ன பகை என்பது அவன் வினா. விடையாக வந்தவை நூல்விதியும் வசையுமே. மாட்டின் மகன் என்று இகழ்கிறார்கள். அடுத்து அவன் பிறப்பு ஆராயப்படுகிறது. இழிந்தது என்று முடிவாகிறது. வளர்த்த தந்தையும் விலக்க, பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதில் கல் விழுகிறது.

விலங்கின் பெயர் வசையாக வேண்டுமானால், விலங்கை எதுவும் செய்யலாம் என்ற எண்ணம் ஊரில் முன்பே வேரூன்றியிருத்தல் வேண்டும். பசுவைக் கொலைக்கு உரியதாக்கிய அளவுகோலே மனிதனைத் தெருவுக்கு உரியவனாக்கியது.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாடிய பாரதி, செக்கு மாட்டை உவமை காட்டினார். மாட்டின் துயர் எல்லாரும் அறிந்தது. ஆனால் எவரும் கேளாதது. நீலாய்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஊதியத்தைக் குறித்த 'கூலி' என்னும் சொல்லே அங்கு ஆளின் பெயராயிற்று.

பசுவைக் காத்தல் மட்டுமே அறமாகிவிடுமோ எனின், ஆகாது. 2016-இல் குசராத்தின் ஊனா அருகே, இறந்த மாட்டின் தோலை உரித்த தலித்துகள் பசுக் காவலர் என்போரால் அடிக்கப்பட்டனர். அங்கே பசுவின் பெயரால் பிறப்பின் இழிவே மீண்டும் சுமத்தப்பட்டது. ஆபுத்திரன் வழி அதற்கு நேர்மாறானது.

சாத்தனாரிடமும் ஒரு குறை உண்டு. விலங்கு வயிற்றில் பிறந்த முனிவர்களை ஆபுத்திரன் எடுத்துக் காட்டுகிறான். அது பெருமையால் இழிவை மறைக்கும் வாதமேயன்றி, இழிவையே மறுக்கும் வாதமன்று. உண்மையான மறுப்பு மதுரையில் நிகழ்கிறது. இரந்து பெற்றதைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதையே அவன் உண்டான்.

ஆகவே, இக்காதையைக் கற்பிக்கும் ஆசிரியர் அமுதசுரபியிலிருந்து தொடங்காது, நடுங்கி நின்ற அப்பசுவிலிருந்து தொடங்குவாராக.