மஞ்சள் அட்டை

கதை அச்சாகிப் பத்து நாள் கழித்து, கதவிடுக்கில் செருகியிருக்கும் ஓர் அஞ்சலட்டை. அதைத் தொட்டுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். லேசான சொரசொரப்பு. பால்பாயின்ட் பேனா அழுத்திய எழுத்து மறுபக்கம் விரலில் தட்டுப்படும். தாராளமாகத் தொடங்கும் வரிகள் கீழே வரவர நெருங்கி, இடம் போதாமல் ஓரத்தில் திரும்பி மேலேறும். சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்ற அந்தத் தவிப்பு எவ்வளவு அழகு! கடைசி வரியின் மேல் தபால் முத்திரை கறுப்பாக அப்பியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படிப்பேன். உறையில்லாத கடிதம் ஆயிற்றே, "கதையெல்லாம் எழுதுவீங்களா சார்?" என்று தபால்காரரே ஒருநாள் கேட்டார்.

திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி. இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார். முகமறியாத இளைஞரின் எழுத்து பிடித்துவிட்டால் உடனே ஒரு கார்டு. எத்தனையோ பேரை அடுத்த கதைக்கு உட்கார வைத்தது அந்தக் கையெழுத்து.

சமீபத்தில் மனசில் நின்ற கதை ஏதாவது இருந்தால், எழுதியவருக்கு இன்றே நாலு வரி போடுங்கள். அட்டை 50 காசுதான்.