பாசறையில் உறங்காதவர் யார்?

தருமபுரி வட்டாரம் நடுகற்களின் நிலம். ஆநிரை காத்தோ கவர்ந்தோ வீழ்ந்த வீரனின் பெயரையும் அவன் ‘பட்டான்’ என்பதையும் வட்டெழுத்தில் தாங்கிய கற்கள் அவை. பாலக்கோட்டுத் தோழர்கள் முல்லைப்பாட்டைப் படிக்கும்போது அக்கற்களையும் அருகே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நப்பூதனார் பாடிய அந்த 103 அடிகளின் அழகை நாம் மறுக்கவில்லை. முள்வேலியிட்ட பாசறை, கவளம் கொள்ளாமல் அடம்பிடிக்கும் யானை, அதனிடம் வடசொல் பேசும் பாகர், நாழிகை கூறுவோர், புலிச்சங்கிலி தொங்கவிட்டு யவனர் அமைத்த கூடாரம், நாவால் பேசாது உடலால் பேசும் மிலேச்சர் காவல். உள்ளே வேந்தன் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும், மாண்ட மறவரையும், அம்பு தைத்துப் புல்லுண்ணாத குதிரைகளையும் எண்ணி வருந்துகிறான். நல்ல வேந்தன்தான்! ஆனால் கடல் கடந்து வந்த யவனனுக்கு வீடில்லையா? மொழியறியாக் காவலன் இரவெல்லாம் எதை எண்ணி நின்றான்? அரசிக்காக விரிச்சி கேட்கப் பெருமுது பெண்டிரை ஊர்ப்புறம் அனுப்பிய புலவர், காலாளின் மனைவிக்கு ஓர் அடியும் ஒதுக்கவில்லை. (விரிச்சி கேட்டால் போர் முடியுமா என்பது வேறு வழக்கு.)

இது நப்பூதனாரின் குற்றமன்று, மரபின் குற்றம். அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆகார், அவர் காதல் அதற்குப் புறத்தே என்று வரம்பு கட்டியது தொல்காப்பியம். ஏவல் செய்பவனுக்குப் பிரிவுத் துயரிலும் இரண்டாம் பந்தி!

ஐங்குறுநூற்றுப் பாசறைப் பத்து ஓரடி முன்னே செல்கிறது. பேயனாரின் தலைவன் வேந்தனுக்கு அடங்கியவன். பகை தணிந்து வேந்தன் தன் நாட்டை நினைக்கமாட்டானா என்று ஏங்குகிறான். படைவீரனின் உண்மை வேட்கை வெற்றியன்று, வீடு என்பதைத் துணிந்து கூறும் குரல் அது. எனினும் அவனும் தேரேறித் திரும்புபவனே. நடந்து திரும்பியவன் எங்கே?

1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரில் 25 இலட்சம் இந்தியர் வெள்ளையன் படையில் இருந்தனர். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கையாளன் முதலில் படித்தான். மனைவி பிறகே படித்தாள். பாலக்கோட்டுப் பக்கம் எந்த வீட்டுப் பெட்டியிலாவது அப்படியொரு கடிதம் மடங்கிக் கிடக்குமாயின், எழுத்துப்பிழையைத் திருத்தாமல் படியெடுங்கள். முல்லைப்பாட்டுக்கு அடுத்த பக்கத்தில் அதை வைத்துப் படிக்க விரும்புகிறோம்.